முப்பது அடித் தெரு

"விண்ணப்பத்தில் சாலையின் அகலம் ஒன்பது மீட்டருக்கு மேல் எனக் காட்டப்பட்டுள்ளது. நேரடி ஆய்வில் 7.2 மீட்டர் மட்டுமே உள்ளது. குடியிருப்புப் பகுதியில், இந்த அகலமுள்ள சாலையில் மாவு மில் நடத்த அனுமதிக்க இயலாது. முப்பது நாட்களுக்குள் தக்க விளக்கம் அளிக்கத் தவறினால்..."

ஆகஸ்ட் 19, செவ்வாய், காலை பதினொன்றே கால் மணிக்கு இந்தக் கடிதத்தை முதல் முறை படித்தேன். கொண்டுவந்தவர் எங்கள் தெருவில் மாவு மில் நடத்தும் பெண்மணி. தெருவே அவரை மில்லக்கா என்றுதான் கூப்பிடும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனாலும் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கையெல்லாம் மிளகாய்த்தூள் என்பதால் கடிதத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்த ஓரத்தில் சிவப்பாக ஒரு விரல் தடம். என் கோப்பில் இருக்கும் நகலில் அது கறுப்பாக விழுந்திருக்கிறது.

"இன்னா சார் போட்டுகீறாங்க? மூடச் சொல்றாங்களா?"

"உடனே இல்ல. முப்பது நாள் இருக்கு. தெரு அகலம் பத்தலையாம்."

"முப்பது அடின்னு நீங்கதானே சார் எழுதுனீங்க?"

நான்தான் எழுதினேன். ஏப்ரலில் அவர் இரண்டாவது மெஷின் போட ஆசைப்பட்டார். கோதுமைக்கும் மிளகாய்க்கும் ஒரே மெஷினை மாற்றி மாற்றி ஓட்டுவதில் பாதி நாள் போய்விடுகிறது என்றார். புது மோட்டாருக்கு மின் இணைப்பு வேண்டுமென்றால் தொழில் உரிமம் வேண்டும். அதுவரை உரிமம் இல்லாமலே பத்து வருடத்துக்கு மேல் ஓடிய மில் அது. முறைப்படி செய்துவிடலாம் என்று சொல்லி, படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். "சாலையின் அகலம்" என்ற கட்டத்துக்கு வந்ததும் எழுந்து போய் அலமாரியிலிருந்து மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை எடுத்தேன். முப்பது அடி என்று போட்டிருந்தது. எழுதிவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, பிறகு பொருளை எடுத்து அளந்து, இரண்டும் ஒன்றா என்று சொல்வதுதான் அந்த வேலை. வேறெதுவும் இல்லை. அளக்காமல் கையெழுத்துப் போட்ட இளைஞர்களை எத்தனை பேர் முன்னால் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு நான் போட்ட முதல் முக்கியமான அளவு, அளக்காமல் போட்ட அளவு.

அவரிடம் அன்று சொன்னேன்: "நான் எழுதின தப்பு. நானே சரி பண்றேன்."

"தப்பு யாருதுன்னு இப்ப யாரு கேட்டா சார்? மில்லு இருக்குமா, இருக்காதா, அத்த சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

மில் என்பது அவர் சொந்த வீட்டின் முன்னறை. கணவர் எஸ்டேட்டில் ஒப்பந்த வேலை. ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. மில் மூடினால் அவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, மெயின் ரோட்டில் ஒரு ஷட்டரை வாடகைக்கு எடுப்பது. அங்கே இன்று நகைக்கடைக்காரர்களும் துணிக்கடைக்காரர்களும் கேட்ட வாடகையைக் கொடுக்கிறார்கள். மிளகாய் அரைப்பவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. இன்னொன்று, அவர் தங்கை இருக்கும் வேப்பம்பட்டுக்குப் போவது. அங்கே இடம் கிடைக்கும். ஆனால் அங்கே அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை. எந்த வீட்டுக்கு மல்லி அதிகம், எந்த வீட்டுக்கு மஞ்சள் கூடாது என்று அவர் தலையில் இருக்கும் கணக்கெல்லாம் இந்தத் தெருவைச் சுற்றி நாலு தெருவுக்குத்தான் செல்லும்.

மறுநாளே நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உதவியாளர் பொறுமையான மனிதர். சுவரில் தொங்கிய நில உபயோக வரைபடத்தில் எங்கள் தெருவைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். மெயின் ரோட்டின் இருபுறமும் நீலம். அதற்குப் பின்னால் முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் வீடு, நீலம் என்றால் வணிகம்.

"அங்க மில் ரொம்ப வருஷமா இருக்கு சார். மேப்புல இல்லையே?" என்றேன்.

"மேப்பு இருக்கிறதைக் காட்டுறதுக்கு இல்ல சார். இனிமே எது வரலாம்னு சொல்றதுக்கு."

அந்த ஒரு வாக்கியம் பல புத்தகங்களுக்குச் சமமாகப் பட்டது. நான் நகரங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தவன். கடைத்தெரு என்பது மக்கள் நடமாட்டத்தில் தானாக உருவாவது என்று நினைத்திருந்தேன். அன்று திரும்பி வரும்போது பேருந்தில் ஏறாமல் மெயின் ரோட்டில் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன். நான் குடிவந்த காலத்தில் இதே சாலையில் சைக்கிள் கடை, மரக்கடை, இரண்டு மில், நிறைய வீடுகள் இருந்தன. நீலம் பூசப்பட்ட பிறகு அந்த நிலத்தின் மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறியதும் வீட்டுக்காரர்கள் இடித்து ஷட்டர் வைத்தார்கள். ஷட்டருக்குப் பெரிய கடைகள் வந்தன. சிறியவர்கள் பின்னால் இருந்த மஞ்சளுக்குள் ஒதுங்கினார்கள். மில்லக்காவின் மாமியார் முதலில் மில் வைத்திருந்ததுகூட மெயின் ரோட்டில்தான், வாடகை இடத்தில். ஒரு வண்ணம் அவரை உள்ளே தள்ளியது. இப்போது இன்னொரு வண்ணம், உள்ளேயும் இருக்காதே என்கிறது.

ஆனால் முழுக்க அப்படியும் இல்லை. உதவியாளர் விதியைப் பிரித்துக் காட்டினார். மஞ்சளிலும் சிறிய கடையும் சிறிய மில்லும் இருக்கலாம். தெரு போதுமான அகலம் இருந்தால். முப்பது அடி இருந்தால் தாராளமாகப் போதும்.

"வரைபடத்துல முப்பதுதானே சார் இருக்கு?"

"வண்டி போற இடம் எவ்வளவோ, அதுதான் சார் நாங்க எடுப்போம். உங்க தெருவுல வீட்டுச் சாய்வெல்லாம் ரோட்டுலதான் கிடக்கு. போய்ப் பாருங்க."

போய் அளந்தேன். ஆகஸ்ட் 21, வியாழன், காலை ஆறரை மணி. மெயின் ரோட்டு முனையிலிருந்து மில் வரை ஒவ்வொரு பக்கமும் ஏழு வீடுகள். மில் கிழக்குப் பக்கத்தில் ஏழாவது. எதிரெதிர் மதில்களுக்கு நடுவே அளந்தால் முப்பதடி வந்தது, சில இடத்தில் ஓர் அங்குலம் கூடுதலாகவே. ஆனால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு சிமெண்ட் சாய்தளம் தெருவுக்குள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நாக்குக்கும் நாக்குக்கும் நடுவே, மிகக் குறுகலான இடத்தில், இருபத்து மூன்று அடி ஏழரை அங்குலம். அதிகாரி சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

இந்தச் சாய்தளங்கள் எப்படி வந்தன என்பது எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிது போடுவார்கள். ரோடு உயரும். மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரர் தரையை உயர்த்துவார். தரை உயர்ந்தால் வாசல் உயரும். வாசல் உயர்ந்தால் வண்டி ஏற்றச் சாய்தளம் நீளும். அடுத்த முறை ரோடு, அடுத்த முறை தரை, அடுத்த முறை சாய்தளம். எங்கள் பகுதி ஏரிக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவரும் ரோட்டோடும் இப்படி உயரப் போட்டி போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

பதினான்கு சாய்தளங்களின் நீளத்தையும் ஒரு தாளில் எழுதினேன். நீளமானது ஐந்தாவது வீட்டுப் பெரியவருடையதாக இருக்கும் என்று நினைத்தேன். கார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். மனைப்பிரிவு ஆவதற்கு முன் இந்த இடமெல்லாம் அவர் குடும்பத்து வயல். தாளில் பார்த்தால் அவருடையது மூன்று அடி எட்டு அங்குலம். நான்கு அடி இரண்டு அங்குலத்தோடு முதலிடத்தில் இருந்தது என்னுடையது.

நம்பாமல் நாட்குறிப்புகளை எடுத்தேன். மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் குறிப்பேடுகளில் மூன்று வரிகள் கிடைத்தன. ஆண்டுகளை இங்கே எழுதவில்லை, பெயர்களை விட்டது போலவே. தெருவை அடையாளம் காட்டிவிடும். "வாசல் சாய்வை ஓரடி நீட்டினோம்." "கொத்தனார் வந்தார். சாய்வு ஒன்றேகால் அடி." மூன்றாவது, மனைவியின் முழங்கால் வலி தொடங்கிய ஆண்டு: "சாய்வைத் தணித்துக் கட்டினேன், இரண்டடி போல நீண்டது. அவளுக்கு ஏற இறங்கச் சுலபம்." எல்லாம் என் கையெழுத்து. அந்த நாளில் தக்காளி என்ன விலை என்பதுகூடக் குறித்திருக்கிறேன். தெருவில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு நாளும் குறிக்கவில்லை.

மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"நம்மளுதுதான் பெருசா?"

"ஆமா."

"அப்ப முதல்ல நம்மளுது இடிங்க."

"உன் கால்?"

"கேட்டை நாலடி உள்ள தள்ளிவைங்க. சாய்வை உள்ளேயே வெச்சுக்கலாம். துளசித் தொட்டியும் செம்பருத்தியும் போகும். போகட்டும். அந்தப் பொண்ணு மில்லை மூடிட்டா நான் மிளகாய் அரைக்க ஸ்டேஷன் வரைக்கும் நடக்கணும், அதுக்கு எந்தக் காலு இருக்கு?"

அவள் சொன்னதும் எனக்கு வேலை முறை பிடிபட்டது. கேட்டை உள்ளே தள்ளு, சாய்வை மதிலுக்குள் வை. எல்லா வீட்டிலும் இதற்கு இடம் உண்டு. மனம்தான் வேண்டும்.

பேசிப் பார்ப்பதற்கு முன் எல்லோருக்கும் எல்லை எதுவென்று கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன். மதில்தானே எல்லை என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் மதிலே தப்பு என்பார். வரைபடப்படி மனை போட்டவர்கள் மெயின் ரோட்டு முனையில் இரண்டு கல், மில் வீட்டருகே இரண்டு கல் நட்டிருக்கிறார்கள். நான்கும் கிடைத்தால் விவாதம் இல்லை. மில்லருகே இரண்டும் கிடைத்தன; ஒன்று வேப்பமர வேருக்குள் சிக்கியிருந்தது. மெயின் ரோட்டு முனையில் கிழக்குக் கல்லைக் கண்டுபிடித்தவர் அந்த முனை வீட்டு ஆட்டோக்காரர். அவர் சாய்தளத்தின் ஓரத்தைக் கடப்பாரையால் தட்டியதும் கல் தலையைக் காட்டியது.

"பார்த்தியா சார், இத்தினி வருசமா இது மேலயே வண்டி ஏத்திகினு கீறேன். கல்லு மூச்சு விடாம கெடந்துகீது."

நான்காவது கல், மேற்கு முனையில், மின்மாற்றி மேடைக்கு அடியில் இருக்கவேண்டும். மேடையைத் தோண்ட முடியாது. கிழக்குக் கல்லிலிருந்து டேப்பில் முப்பதடி அளந்து, மேடை வேலியின் காலில் ஒரு குறி போட்டேன்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த ஞாயிறு, ஆகஸ்ட் 31. விடிந்ததும் கல்லுக்குக் கல் கயிறு கட்டினேன். மில்லக்கா ஒரு தகர டின்னோடு வந்தார். மிளகாய் அரைத்த பிறகு, கோதுமை போடுவதற்கு முன், மெஷினைச் சுத்தம் செய்ய ஒரு படி நொய்யரிசி போட்டு ஓட்டுவார்கள். அந்த மாவு சமையலுக்கு ஆகாது. லேசாகச் சிவந்திருக்கும், காரம் அடிக்கும். எறும்பு தொடாது என்பதால் அதைச் சேர்த்துவைத்துக் கோலத்துக்குக் கொடுப்பார். அன்று அந்த மாவால் கயிற்றின் ஓரமாகவே கோடு இழுத்துக்கொண்டு போனார், கோலத்துக்கு இழுப்பது போல விரலிடுக்கில் விட்டு. தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு நேர்கோடுகள். அவற்றைத் தாண்டி ஒவ்வொரு வீட்டுச் சாய்தளமும் எத்தனை தூரம் வெளியே கிடக்கிறது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. வாசல் தெளிக்க வந்த பெண்கள் வாளியோடு நின்று பார்த்தார்கள். யார் வீடு எவ்வளவு என்று அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆட்டோக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்தார். "இன்னா சார், காலைலயே கயிறு கட்டிகினு கீற? பிள்ளையாரத்தான் கரைச்சாச்சே, இப்போ தேர் வுடப் போறியா?"

"உன் சாய்வு ரெண்டடி ரெண்டு அங்குலம் வெளிய இருக்கு."

"உன்னுது?"

"நாலு அடி ரெண்டு."

அவர் என் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, பாத்தியா? ரோட்டுல பாதி நம்ம சார் ஊட்டுலதான் கீது. இவரு டேப்பு எடுத்துகினு நம்மள அளக்க வந்துட்டாரு!"

"சிரிக்காத தம்பி, தும்மல் வரும். காரமாவு" என்றார் மில்லக்கா. சொல்லி முடிப்பதற்குள் அவரே தும்மினார்.

ஐந்தாவது வீட்டுப் பெரியவர் சட்டை போடாமல் துண்டோடு வெளியே வந்து கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மில்லக்காவைப் பார்த்தார்.

"இன்னாமா, என் வாசல்ல கோடு போடுறியா?"

"சார்தான் போடச் சொன்னாரு சார்."

மில்லக்காவின் மாமியார் இதே இடம் வயலாக இருந்தபோது இந்தக் குடும்பத்துக்கு நாற்று நட்டவர். பெரியவரின் அப்பாவை "ஐயா" என்றே கூப்பிட்டவர். மில்லக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "சார்" என்றுதான் கூப்பிடுகிறார். அந்த ஒரு மாற்றம் பெரியவருக்கு இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை என்பது தெருவுக்குத் தெரியும்.

"இந்தத் தெருவே நாங்க விட்டுக் குடுத்தது. தெரியுமில்ல? வயலைப் பிரிச்சு, முப்பதடி ரோட்டுக்குன்னு எழுதிக் குடுத்தவன் எங்கப்பா" என்றார்.

"அதுதாங்க நாங்களும் சொல்றோம்" என்றேன். "உங்கப்பா முப்பது குடுத்தார். இப்ப இருபத்து மூணரைதான் இருக்கு. மிச்சத்தை நாமதான் எடுத்துக்கிட்டோம். நான் அதிகமா எடுத்திருக்கேன்."

அவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "மில்லு சத்தம் எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் வருது. போனா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் என் வாசல் உடைந்தது. கொத்தனாரும் உதவியாளும் காலை எட்டுக்கு வந்து மதியத்துக்குள் நான்கு அடி இரண்டு அங்குலத்தையும் பெயர்த்துவிட்டார்கள். உள்ளே மூன்று அடுக்குத் தெரிந்தது. ஒவ்வோர் அடுக்கும் என் நாட்குறிப்பில் ஒரு வரி. ஒரு துண்டை எடுத்துவைத்திருக்கிறேன். கேட் உள்ளே போனது. செம்பருத்தியை மனைவி தொட்டிக்கு மாற்றினாள், பிழைத்துவிட்டது.

ஆட்டோக்காரர் வியாழக்கிழமை தானே கடப்பாரை எடுத்தார். அதன் பிறகு ஒவ்வொருவராக. சிலரிடம் நான்கு முறை பேசவேண்டியிருந்தது. ஒருவர் மாமனாரிடம் கேட்கவேண்டும் என்றார், மாமனார் திருநின்றவூரில். மின்சார ரயில் பிடித்துப் போய் அவரிடமும் பேசினேன். இன்னொரு வீட்டில் அந்த அம்மாள், "மழைக்குத் தண்ணி உள்ள வந்தா யாரு சார் பதில் சொல்றது?" என்று கேட்டார். சரியான கேள்வி. சாய்வை உள்ளே வைக்கும்போது வாசற்படியின் உயரத்தைக் குறைக்கவேண்டியதில்லை என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்துக் கொத்தனாரிடம் கொடுத்தார்.

செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை கணக்குப்படி பதின்மூன்று முடிந்திருந்தது. மிச்சம் ஒன்று, ஐந்தாவது வீடு. கடிதத்தின் தவணை 18ஆம் தேதி. அது ஒன்று நிற்கும்வரை அந்த இடத்தில் இருபத்தாறு சொச்சம்தான் வரும். மிகக் குறுகலான இடம்தான் தெருவின் அகலம்.

பெரியவர் அன்று மாலை என் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"அளந்து முப்பதுன்னு எழுதிட்டா, கடை வைக்கலாம்னு சொல்றாங்களே. அது மில்லுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெருவுக்குத்தாங்க அகலம். சின்னக் கடை யாரு வேணா வைக்கலாம்."

"கீழ் வீட்டுல ரெண்டு ஷட்டர் போட்டா?"

"விண்ணப்பம் போட்டு வாங்கணும். கிடைக்கலாம்."

அவர் என் கேட்டைப் பார்த்தார், உள்ளே தள்ளிய கேட்டை. "கொத்தனாரை நாளைக்கு அனுப்பிவைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மில் பிழைக்கப்போகிறது என்ற நிம்மதியோடு இன்னொன்றும் அன்று தெரிந்தது. நாங்கள் ஒரு மில்லைக் காப்பாற்றத் தெருவை அகலமாக்கவில்லை. ஒரு தெருவைக் கடைத்தெரு ஆகக்கூடியதாக்கிவிட்டோம். மெயின் ரோட்டின் நீலம் மஞ்சளுக்குள் கசிவது இப்படித்தான் போலும். பெரிய அலுவலகத்தில் யாரோ தூரிகை எடுத்து வண்ணம் மாற்றுவதில்லை. ஒரு வீட்டுக்காரர் ஒரு விதியைப் படித்துவிட்டு, தன் வாசலைத் தானே இடிக்கிறார்.

இதை மறுநாள் மில்லக்காவிடம் சொன்னேன். அவர் பெரியவர் வீட்டுச் சாய்தளம் உடைபடுவதைப் பார்த்துக்கொண்டே கோதுமையைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும் சார். கடை வந்தா அவங்க ஊட்டுலயும் சோறு வடிப்பாங்க, கொழம்பு வைப்பாங்க. மிளகா யாரு அரைக்கிறது?"

"நாளைக்கு ஒரு பெரிய மில்லே வந்தா?"

"அப்ப நீங்க டேப்பு எடுத்துகினு வாங்க. அவன் வாசல அளக்கலாம்."

செப்டம்பர் 17, புதன், பகல் பன்னிரண்டு மணிக்கு மறு ஆய்வு. அதே உதவியாளரும், அளக்கும் சர்வேயரும் வந்தார்கள். ஐந்து இடத்தில் அளந்தார்கள். மில் வாசலில் 9.15 மீட்டர். பெரியவர் வாசலில் 9.16. மெயின் ரோட்டு முனையில் கிழக்குக் கல்லிலிருந்து மின்மாற்றி வேலிக் காலில் நான் போட்ட குறி வரை 9.14.

"மேற்குக் கல் எங்க சார்?" என்று சர்வேயர் கேட்டார்.

ஆட்டோக்காரர் என் முழங்கையைத் தொட்டார். சும்மா இரு என்பது போல.

"மேடைக்கு அடியில இருக்கணும். நான் பார்க்கலை. அந்தக் குறி நான் போட்டது" என்றேன்.

சர்வேயர் வரைபடத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். மில்லக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. அந்த நேரம் எவ்வளவு என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. என் குறிப்பேட்டில் அந்த ஒரு இடத்தில் மட்டும் மணி எழுதவில்லை.

"மத்த மூணு கல்லும் வரைபடத்தோட ஒத்துப்போகுது" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

உரிமம் அக்டோபரில் வந்தது. இரண்டாவது மெஷின் நவம்பரில். மிளகாய்க்குத் தனி, மாவுக்குத் தனி என்று ஆனதால் இப்போது மெஷினைச் சுத்தம் செய்ய நொய் போட்டு ஓட்டவேண்டிய தேவை இல்லை. காரமாவு கிடைப்பதில்லை என்று பெண்கள் குறைப்படுகிறார்கள். அவர்களுக்காக வாரம் ஒருமுறை ஒரு படி தனியாக ஓட்டித் தருகிறார். பெரியவர் வீட்டில் ஒரு ஷட்டர் வந்துவிட்டது. இப்போதைக்கு அதில் ஒரு ஜெராக்ஸ் கடை. முதல் நாள் அங்கே போய் இந்தக் கோப்பை முழுக்க நகலெடுத்தேன். பெரியவரும் வந்து நின்றிருந்தார், கையில் ஒரு மஞ்சள் பை. அதில் காய்ந்த மிளகாய். "அந்தம்மா திறந்துட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். திறந்தாகிவிட்டது என்றேன்.

உரிமத்தில் எழுதியிருப்பது இது: "சாலையின் அகலம் மனைப்பிரிவு வரைபடத்தின்படி." அது சரிதான். ஆனால் நான் அளந்ததாக நான் சொல்லக்கூடியது அதைவிடக் குறைவு. கிழக்கே இரண்டு கற்களையும், மேற்கே மில்லருகே ஒரு கல்லையும் கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன். மெயின் ரோட்டு முனையில் மேற்குக் கல் இருக்கவேண்டிய இடம், கிழக்குக் கல்லிலிருந்து முப்பதடி என்று நானே வைத்துக்கொண்ட இடம். முப்பதடி இருக்கிறதா என்று பார்க்க, முப்பதடி என்று வைத்துக்கொண்டே அளந்திருக்கிறேன். மின்வாரியம் மேடையை எப்போதாவது புதுப்பித்தால் தெரியும். அந்த நாளுக்கு டேப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். நான்காவது கல் அங்கே இருக்கிறதா, இருந்தால் என் குறியிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.